நரையும் சாயமும்: தாவரக் கேசச் சாயத்தின் சமுதாய வரலாறு பற்றிய சில குறிப்புகள்

வரலாற்றை எழுத முற்பட்டோர் அரண்மனைகளையும் போர்க்களங்களையும் ஆலயங்களையும் நாடிய அளவிற்கு அடுக்களையையும் கிணற்றடியையும் நாடினாரல்லர். உணவு, உடை, உறையுள் ஆகியன சமுதாய வரலாற்றின் விடயங்களாக ஏற்கப்பட்ட பின்னரும், உடலைப் பேணுவதற்கு மக்கள் நாளாந்தம் கைக்கொண்ட முறைகள் 'கைமருந்து' என்றும் 'பெண்கள் சமாசாரம்' என்றும் ஒதுக்கப்பட்டே வந்துள்ளன. நரைத்த மயிரை இலை, காய், பட்டை முதலியவற்றைக் கொண்டு வீட்டிலேயே நிறமூட்டும் வழக்கமும் அவ்வாறு ஒதுக்கப்பட்டதொன்றாகும். மருத்துவ நூலார் அதனைச் சில சூத்திரங்களாகச் சுருக்கினர். ஒழுக்க நூலார் அதனை நகைத்தனர். விளம்பரக்காரரோ அதனை 'பழைமையான இரகசியம்' என்று கூறி இன்று விற்கின்றனர்.

இம்மூவரும் கூறாத சில வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நரையை மறைக்க வேண்டிய தேவை யாருக்கு, எத்தகைய சமுதாய நிலைமைகளில் ஏற்பட்டது? அதற்கான அறிவு யாருடைய கையில் இருந்தது? அந்த அறிவு எவ்வாறு வீட்டை விட்டு நீங்கி, பின்னர் விலைப் பண்டமாக வீட்டிற்குத் திரும்பியது? சாயமிடல் வெறும் அழகுணர்ச்சியின் பாற்பட்டதன்று. உழைப்பு, உடைமை, வாணிகம் ஆகியவற்றின் வரலாற்றோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்தது என்பதே நாம் ஈண்டு நிறுவ முயலும் கருத்தாகும்.

நரையின் இருவேறு பொருள்கள்

நரை பற்றிய தென்னாசிய இலக்கிய மரபு பெரும்பாலும் உயர்ந்தோர் மரபாகவே அமைந்துள்ளது. மகாதேவ ஜாதகக் கதையை இதற்குத் தக்க சான்றாகக் கொள்ளலாம். தன் தலையில் முதல் நரையைக் கண்டவுடன் அறிவிக்குமாறு அரசன் நாவிதனுக்குப் பணிக்கிறான். நாவிதன் அந்நரையைப் பறித்து அரசனின் உள்ளங்கையில் வைத்ததும், அரசன் அவனுக்கு ஊரொன்றை வழங்கி, மூத்த மகனிடம் ஆட்சியை ஒப்படைத்துத் துறவு பூணுகிறான். பாரூத் தூபியின் சிற்பங்களிடையே இக்கதை பெயர் பொறிக்கப்பட்டுக் காணப்படுதல், கிறித்துவுக்கு முற்பட்ட காலத்திலேயே அது பரவலாக அறியப்பட்டிருந்தமையைக் காட்டுகின்றது. காளிதாசனின் இரகுவமிசத்திலும் கம்பனின் அயோத்தியா காண்டத்திலும் தசரதனின் காதருகே தோன்றும் நரையே முடி துறக்கும் காலம் வந்ததென்பதை உணர்த்துகின்றது.

தமிழிலே இதனின்றும் வேறுபட்ட குரலொன்று புறநானூற்றின் 191ஆம் பாடலிற் கேட்கின்றது. ஆண்டுகள் பல கடந்தும் நரை தோன்றாமைக்குக் காரணம் வினவியோர்க்குப் பிசிராந்தையார் மறுமொழி கூறுவதாக அமைந்தது அது. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறியும் ஏவலர், முறை தவறாத வேந்தன், சான்றோர் பலர் வாழும் ஊர் என்பனவே அவர் காட்டும் காரணங்கள். நரையைக் கவலையின் விளைவாகவும், கவலையைச் சமூக உறவுகளின் விளைவாகவும் கண்ட இப்பார்வை போற்றத்தக்கது. ஆயினும் அப்பட்டியலில் ஏவலரும் இடம்பெறுகின்றனர் என்பது நோக்கற்பாலது. புலவரின் தலை நரையாதிருக்க உழைத்த அந்த ஏவலரின் தலை நரைத்ததா என்பதைப் பாடல் கூறவில்லை.

துறப்பதற்கு அரசு உடையவனுக்கு நரை ஞானத்தின் தூது. விற்பதற்கு உடலுழைப்பையன்றி வேறொன்றும் இல்லாதவனுக்கு அது விலை வீழ்ச்சியின் அறிகுறி. இவ்வுண்மை மிக அப்பட்டமாக வெளிப்படும் இடம் அடிமைச் சந்தையாகும். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பிச் சென்ற வில்லியம் வெல்ஸ் பிரவுண் 1847இல் வெளியிட்ட தன்வரலாற்றிலே, அடிமை வாணிகன் ஒருவனிடம் வாடகைக்கு அமர்த்தப்பட்டிருந்தபோது தாம் செய்ய நேர்ந்த வேலையை விவரித்துள்ளார். நியூ ஓர்லியன்ஸ் சந்தையை நோக்கிச் செல்லும் கப்பலிலே முதிய அடிமைகளை அவர் விற்பனைக்கு ஆயத்தப்படுத்த வேண்டியிருந்தது. ஆண்களுக்கு முகமழிக்கப்பட்டது. நரை சிலவாயின் பறிக்கப்பட்டது; பலவாயின் தூரிகை கொண்டு கரும்பூச்சுப் பூசப்பட்டது. இதனால் அவர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இளையோராகத் தோன்றினர் என்று அவர் எழுதுகிறார். இந்த ஏமாற்று அமெரிக்காவிற்கு மட்டும் உரியதன்று. பதினோராம் நூற்றாண்டிற் பக்தாத் நகரைச் சேர்ந்த மருத்துவரான இப்னு புத்லான், அடிமைகளை வாங்குவோர்க்காக எழுதிய நூலிலே, முடியின் நிறத்தை மாற்றிக் காட்டும் வணிகரின் தந்திரங்கள் பற்றி எச்சரித்துள்ளார்.

நரையை மறைத்தல் என்னும் செயல், செய்பவரையும் செய்விப்பவரையும் பொறுத்து முற்றிலும் வேறான பொருள்களைப் பெறுகின்றது என்பது இவற்றால் தெளிவாகும். ஒருவன் தன் விருப்பாற் பூசிக்கொள்வதும், வேலை போய்விடும் என்ற அச்சத்தாற் பூசிக்கொள்வதும், இன்னொருவனின் இலாபத்திற்காகப் பூசப்படுவதும் ஒன்றல்ல.

இரும்பும் துவர்ப்பும்

தென்னாசியாவிற் கேசச் சாயம் பற்றிய தெளிவான பழைய செய்முறைகளுள் ஒன்று, கி. பி. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரரின் பிருகத்சங்கிதையிற் காணப்படுகின்றது. நறுமணப் பொருள்களைக் கூறும் பகுதியின் தொடக்கத்திலே அவர் இதனை எடுத்துரைக்கின்றார். வரகரிசியை இரும்புப் பாத்திரத்திற் புளிக்காடியுடன் வேகவைத்து, இரும்புத்தூள் கூட்டி நுண்ணிதாக அரைத்து, காடியாற் புளிப்பேற்றிய தலையிற் பூசி, ஈர இலைகளாற் சுற்றிக் கட்டவேண்டும். இரண்டு யாமம் கழிந்தபின் அதனை நீக்கி நெல்லிக்காய் விழுதைப் பூசி, மீண்டும் இலைகளால் மூடி, மேலும் இரண்டு யாமம் கழித்துக் கழுவ வேண்டும். அதன்பின்பு இரும்பும் புளிப்பும் கலந்த நாற்றம் நீங்க நறுமண நீராட்டு நடைபெறும். இவையனைத்தும் அந்தப்புர வாழ்வின் இன்பங்களுக்கு அரசனை ஆயத்தப்படுத்தும் நோக்குடன் கூறப்படுகின்றன.

ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியாலம் தலையில் இலை கட்டிக்கொண்டு அமர்ந்திருத்தல், பிறர் உழைப்பில் வாழ்ந்தோர்க்கே இயலக்கூடியதாயிருந்தது. அதேவேளை, இச்செய்முறையின் விஞ்ஞான அடிப்படை அரசவைக்கு மட்டும் உரியதாய் இருந்திலது. புளிப்பு இரும்பைக் கரைக்கின்றது. கரைந்த இரும்பு மயிரிற் படிகின்றது. பின்னர் இடப்படும் நெல்லியின் துவர்ப்புப் பொருளாகிய தனின், அவ்விரும்போடு சேர்ந்து கருநிறச் சேர்வையை உண்டாக்குகின்றது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியவரும், துணிக்குக் கருஞ்சாயம் ஏற்றிய சாயக்காரரும் கையாண்டது இதே வினையைத்தான். இடைக்கால ஐரோப்பாவில் மாசிக்காயையும் இரும்புப்புச் சேர்வையையும் கொண்டு ஆக்கப்பட்ட எழுத்து மையும் இவ்வகையினதே. ஏடெழுதுவோன் கைமையும், நெசவாளனின் கரும்புடவையும், அரசனின் கருங்கேசமும் ஒரே தொழில்நுட்ப அறிவின் கிளைகளாகும். அவ்வறிவைச் சோதித்து வளர்த்தோர் பெயரறியப்படாத தொழிலாளர். அதனைச் சுலோகத்தில் அமைத்தோன் பெயரே நூலில் நிலைத்தது.

நெல்லிக்காய், கடுக்காய், தான்றிக்காய் ஆகியவற்றை இரும்புச் சட்டியில் இரவு முழுவதும் ஊறவிட்டு மறுநாள் தலையிற் பூசும் வீட்டு வழக்கம் இம்மரபின் எளிய வடிவமேயாம். இவ்வழக்கிலே பாத்திரத்தின் தெரிவுதான் உயிர்நாடி. மண்சட்டியிலோ அலுமினியச் சட்டியிலோ ஊறவிட்டால் கருமை கிட்டாது. 'இரும்புச் சட்டியில்தான் ஊறப்போட வேண்டும்' என்று வற்புறுத்திய மூதாட்டியர், இரும்புக்கும் தனினுக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக எழுத அறியாவிடினும் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

எனினும் பழைமை அனைத்தையும் ஒருங்கே போற்றுதல் ஆராய்ச்சியாகாது. கையாந்தகரைச் சாற்றைக் காய்ச்சிய எண்ணெய் யாழ்ப்பாணத்து வீடுகளில் நெடுங்காலம் வழங்கி வருவது. கரிசலாங்கண்ணி என்று தமிழகத்திலும் கீகிரிந்திய என்று சிங்களத்திலும் வழங்கும் இம்மூலிகையின் சாறு காற்றுப்பட்டுக் கருமையடையும்; பச்சை குத்துவதற்கும் அது பயன்பட்டது. ஆனால் அதனை எண்ணெயிற் காய்ச்சித் தடவுவதால், முளைத்து வெளிவந்த வெண்மயிர் நிலையான கருநிறம் பெறுவதில்லை. அது தலைக்கு இதமளிக்கும் எண்ணெய், சாயமன்று. அவ்வாறே பண்டைய உலகின் சாயங்கள் யாவும் தாவரச் சாயங்களும் அல்ல, தீங்கற்றனவும் அல்ல. உரோமப் பேரறிஞர் பிளினி, அட்டைகளை ஈயப் பாத்திரத்திற் புளிக்கவிட்டுச் செய்யும் கருஞ்சாயத்தைக் குறிப்பிடுகின்றார். ஈயச் சேர்வையையும் சுண்ணாம்பையும் கொண்ட கிரேக்க உரோமச் செய்முறையொன்று மயிரினுள்ளே நுண்ணிய ஈய சல்பைட்டுத் துகள்களை உண்டாக்குவதை 2006இற் பிரெஞ்சு ஆய்வாளர் காட்டினர். ஈயம் நஞ்சென்பது இன்று ஐயத்துக்கு இடமற்றது. எனினும், ஈய அசற்றேற்றைக் கேசச் சாயங்களிற் பயன்படுத்த வழங்கியிருந்த அனுமதியை நீக்கும் தீர்மானத்தை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இலேயே வெளியிட்டது.

மருதோன்றியும் அவுரியும்

இரும்பு, துவர்ப்பு மரபிற்கு அடுத்ததாகக் கருதவேண்டியது மேற்காசியாவிற் செழித்த இலைச்சாய மரபாகும். இதன் இரு தூண்கள் மருதோன்றியும் அவுரியும் ஆம்.

இஸ்லாமிய மரபு இவ்விடயத்தை வெளிப்படையாகவே ஆராய்ந்துள்ளது. கி. பி. 630இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்ட காலத்தில், அபூபக்கரின் தந்தையாகிய அபூ குஹாபா முற்றும் வெளுத்த தலையுடனும் தாடியுடனும் நபிகள் நாயகத்தின் முன் கொணரப்பட்டமையும், அவ்வெண்மையை மாற்றுமாறும் கருமையைத் தவிர்க்குமாறும் அவர் பணித்தமையும் ஹதீஸ் தொகுப்புகளிற் பதிவாகியுள்ளன. மருதோன்றியும் 'கதம்' என்னும் செடியும் சேர்ந்த சாயத்தை அபூபக்கர் பயன்படுத்தினார் என்பதும் அம்மரபின் செய்தியே. பிற்காலச் சட்டவறிஞர் கருஞ்சாயம் பற்றிக் கருத்து வேறுபட்டனர். வயதை மறைத்து ஏமாற்றுதலாகும் என்பது மறுத்தோரின் முக்கிய நியாயம். போர்வீரன் பகைவனுக்கு இளையோனாய்த் தோன்றுமாறு பூசலாம் என்பது பலரும் ஏற்ற விதிவிலக்கு. வயது என்பது திருமண ஒப்பந்தத்திலும் அடிமை விற்பனையிலும் பெறுமதியை நிர்ணயித்த சமுதாயத்தில், மயிரின் நிறம் சட்டப் பிரச்சினையாக எழுந்தமை வியப்பன்று. இலங்கையிலும் முஸ்லிம் முதியோர் தாடிக்கு மருதோன்றி இடும் வழக்கம் இம்மரபின் தொடர்ச்சியாகும். அச்செடி சிங்களத்தில் 'மரதொண்டி' என வழங்குவது, இந்நாட்டில் மொழிகளைக் கடந்து வீட்டறிவு பரவியமைக்கு ஒரு சிறு சான்று.

பாரசீகத்திலே பொதுக் குளியலறையாகிய ஹம்மாம் இக்கலையின் களமாயிற்று. முதலில் மருதோன்றி பூசப்பட்டது. அது கழுவப்பட்டபின் 'ரங்' அல்லது 'வஸ்மா' எனப்பட்ட அவுரியிலைத் தூளின் களிம்பு பூசப்பட்டது. மருதோன்றி யஸ்த் நகரத்து ஆலைகளில் அரைக்கப்பட்டுப் பல திசைகளுக்கும் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாரசீகம் சென்ற ஐரோப்பியர் இவ்வழக்கத்தை வியந்து விவரித்துள்ளனர்.

இவ்விரு இலைகளின் இயல்பையும் விளங்கிக்கொள்ளுதல் பின்வரும் வரலாற்றுக்கு இன்றியமையாதது. மருதோன்றி இலையிலுள்ள லோசோன் என்னும் நிறப்பொருள் மயிரின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்து நிலைக்கும். வெண்மயிரில் அது தரும் நிறம் செம்மஞ்சளோ செம்மையோ ஆகும். தனித்த மருதோன்றி ஒருபோதும் கருமை தராது. அவுரியின் பச்சையிலையிலே நீலம் நீலமாக இருப்பதில்லை. இண்டிக்கன் என்னும் நிறமற்ற பொருளாகவே அது உள்ளது. இலைத்தூளை நீரிற் குழைத்ததும் அது சிதைந்து, காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து நீலமாகின்றது. அம்மாற்றம் மயிரின் மீதே நிகழவேண்டுமாதலால் குழைத்தவுடன் பூசவேண்டும். காலம் தாழ்த்தினாற் சாயம் பற்றாது. செம்மையின் மேல் நீலம் படியும்போது கண்ணுக்குக் கருமை தோன்றுகின்றது. ஒன்றை ஊறவைத்துக் காத்திருத்தலும் மற்றதைக் குழைத்தவுடன் பூசுதலுமாகிய இந்த நேரக் கணக்கு ஏட்டில் எழுதப்பட்டதிலும் பார்க்கக் கைமாறி வந்தது. தாய் மகளுக்கும் மூத்தவள் இளையவளுக்கும், ஹம்மாமின் ஊழியர் தம் வாரிசுகளுக்கும் காட்டிக்கொடுத்த தொழிலறிவு அது. எமது சூழலில் நாவிதரும் இதன் காவலராயிருந்தனர். யாழ்ப்பாணத்திலே 'பரியாரி' என்னும் சொல் நாட்டு வைத்தியரையும் நாவிதரையும் ஒருங்கே குறித்தமை, மயிர்வினையும் மருத்துவமும் ஒருகாலத்தில் அடுத்தடுத்து நின்ற தொழில்களாயிருந்தமையை நினைவூட்டுகின்றது. ஒரே சொல்லாற் குறிக்கப்பட்ட அவ்விருவருள் ஒருவரை மதித்தும் மற்றவரைத் தாழ்த்தியும் வைத்தது சாதியமைப்பு.

நீலத்தின் மறுபக்கம்

தாவரச் சாயம் இயற்கையானது. ஆதலால் தூயது என்று இன்று பரவலாகக் கூறப்படுகின்றது. இலை இயற்கையானதே, அதனை விளைவித்த உறவுகள் இயற்கையானவையல்ல. முற்றத்து வேலியில் நிற்கும் மருதோன்றியைப் பறித்து அம்மியில் அரைப்பவள் தன் உழைப்பின் பயனைத் தானே அனுபவிக்கின்றாள். ஆனால் அவுரி உலகச் சந்தைக்குரிய பண்டமாகியபோது நிகழ்ந்தது வேறு.

வங்காளத்திலே ஐரோப்பியத் தோட்டக்காரர் முற்பணம் கொடுத்துக் குடியானவரைக் கடனிற் பிணித்து, நெல் விளையவேண்டிய நிலத்தில் அவுரி விதைக்குமாறு வற்புறுத்தினர். 1859இல் நதியா மாவட்டத்தில் தொடங்கிய கிளர்ச்சியிற் குடியானவர் அவுரி விதைக்க மறுத்தனர். 1860இல் அரசு ஆணைக்குழுவொன்றை அமைத்தது. அவ்வாண்டிலேயே தீனபந்து மித்திரரின் 'நீலதர்ப்பணம்' நாடகம் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டமைக்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லோங் 1861இல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் தண்டமும் பெற்றார். பீகாரின் சம்பாரனிலே, இருபது கட்டா கொண்ட ஒவ்வொரு பீகா நிலத்திலும் மூன்று கட்டாவில் அவுரி விளைவித்தல் கட்டாயமாயிருந்தது. 1917இற் காந்தியடிகள் அங்கு சென்று விசாரணை நடத்தியதன் விளைவாக 1918ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது. எமது நாட்டின் வடபகுதியும் சாயத்தின் பேராலான கட்டாய உழைப்பை அறியாததன்று. துணிக்குச் செந்நிறம் ஊட்டும் சாயவேரைக் கரையோர மணற்பாங்குகளிற் கிண்டி ஒப்படைக்கும் கடமை, ஒல்லாந்தர் ஆட்சியிலே ஒடுக்கப்பட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்டிருந்தது.

ஈண்டு ஒரு தொழில்நுட்ப உண்மை சமுதாய உண்மையாகவும் விளங்குகின்றது. தோட்டங்கள் உற்பத்தி செய்தது இலைத்தூளையன்று. தொட்டியில் இலைகளை ஊறவைத்து அடித்துப் படியவைத்த நீலக்கட்டியையே. நீரிற் கரையாத அக்கட்டியை நேரே தலையிற் பூசுவதாற் பயனில்லை. ஏற்றுமதிக்கும் ஆலைத்துணிக்கும் ஏற்ற வடிவம் வீட்டுப் பயன்பாட்டுக்கு ஏலாத வடிவமாயிருந்தது. இலட்சக்கணக்கான ஏக்கரில் அவுரி விளைந்த நாட்டிலே அதனை விளைவித்தவனின் வீட்டுக்கு அவுரி வந்து சேரவில்லை.

நிலக்கரித் தாரின் ஆட்சி

1856இல் இலண்டன் மாணவர் வில்லியம் ஹென்றி பேர்க்கின் நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு ஊதாச் சாயமொன்றைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். அவருடைய ஆசிரியரான ஹொப்மன் 1863இல் பராபினைலீன்டயமீன் என்னும் சேர்வை ஒட்சியேற்றத்தாற் கருநிறம் பெறும் இயல்பை எடுத்துக்காட்டினார். 1880களில் அதனைக் கேசச் சாயமாகப் பயன்படுத்தும் உரிமங்கள் பிரான்சிலும் ஜேர்மனியிலும் பெறப்பட்டன. 1897இல் ஜேர்மனியின் பாஸ்வ் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அதன் பின் சில தசாப்தங்களுள் இந்திய அவுரிச் செய்கை வீழ்ச்சியுற்றது. அவ்வீழ்ச்சியின் சுமையையும் குடியானவனே தாங்கினான். சம்பாரனிலே தோட்டக்காரர், அவுரிக் கடமையிலிருந்து விடுவிப்பதற்கு ஈடாக வாரத்தை உயர்த்தியும் தண்டப்பணம் பெற்றும் தம் நட்டத்தை அவன் தலையிற் கட்டினர். அவுரி வளர்ந்தபோதும் வீழ்ந்தபோதும் இழந்தவன் ஒருவனே.

1907இற் பிரெஞ்சு இரசாயனவியலாளர் யூஜின் ஷுலேர் பாரிசிற் கேசச் சாயம் ஒன்றை ஆக்கி, 1909இல் நிறுவனமொன்றைத் தொடங்கினார். பின்னாளில் லொறியல் என உலகறிந்த அந்நிறுவனத்தின் முதற்பெயர் 'தீங்கற்ற கேசச் சாயங்களுக்கான பிரெஞ்சுச் சங்கம்' என்னும் பொருளுடையது. பெயரிலேயே தீங்கின்மையை அறிவிக்க நேர்ந்தமை, அக்காலச் சாயங்கள் பற்றிப் பொதுமக்களிடையே நிலவிய அச்சத்தைக் காட்டுகின்றது. அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. 1933இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட, பராபினைலீன்டயமீன் கொண்ட கண்ணிமைச் சாயம் ஒன்றாற் பெண்கள் பார்வை இழந்தனர், ஒருவர் உயிரிழந்தார். இந்நிகழ்ச்சியும் 1938ஆம் ஆண்டு உணவு, மருந்து, ஒப்பனைப் பொருட் சட்டத்திற்கு உந்துதலாயிற்று. ஆனால் அச்சட்டமே, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டப்பட்டிருப்பின் நிலக்கரித் தார்க் கேசச் சாயங்களுக்கு விலக்களித்தது. கண்ணிமைக்கு ஆகாதது தலைக்கு ஆகும் என்ற சமரசம் கைத்தொழிலின் செல்வாக்குக்குக் கிடைத்த வெற்றியாகும்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர், சாயம் மீண்டும் வீட்டிற்குள் நுழைந்தது. இம்முறை பெட்டியில் அடைக்கப்பட்டு. 1956இல் அமெரிக்காவில் ஷேர்லி பொலிகொவ் எழுதிய விளம்பரம், இவள் சாயமிடுகிறாளா இல்லையா என்று எவராலும் கூறமுடியாது என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டது. அதன் வெற்றி, நரையை மறைத்தலை மட்டுமன்றி, மறைப்பதை மறைத்தலையும் விற்பனைக்குரியதாக்கியது. ஹம்மாமிலும் முற்றத்திலும் பலர் கூடிச் செய்த வினை, கதவடைத்துத் தனியே செய்யும் வினையாயிற்று. அறிவு கைமாறும் சந்தர்ப்பமும் அத்துடன் அற்றது.

பெயர் நிலைக்கப் பொருள் மாறுதல்

இவ்வரலாற்றின் மிகக் கொடிய அத்தியாயம் செயற்கைப் பொருள் இயற்கையின் பெயரைப் பூண்டமையாகும். மொறொக்கோவின் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவுபடுத்தும். அங்கு மகளிர் மருதோன்றியோடு கலந்து மயிரைக் கருமையாக்கப் பயன்படுத்திய தாவரப் பொருள் 'தக்காவுத்' எனப்பட்டது. அது ஒருவகைத் தாமரிஸ்க் மரத்தில் உண்டாகும் தனின் நிறைந்த காய்ப்புடைப்பு. அப்பொருள் அரிதானபோது, பராபினைலீன்டயமீன் அதே பெயரிற் சந்தைக்கு வந்தது. 'உள்ளூர்த் தக்காவுத்' எனவும் 'அந்நியத் தக்காவுத்' எனவும் அடைமொழிகளாலேயே அவை வேறுபடுத்தப்பட்டன. சூடானிலும் பாக்கிஸ்தானிலும் 'கருங்கல்' என்ற பொருள்படும் பெயர்களில் அச்சேர்வை மருதோன்றியோடு கலக்கப்பட்டது. அதனை உட்கொண்டதால் ஏற்படும் கழுத்து வீக்கம், மூச்சடைப்பு, தசைச் சிதைவு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை பற்றிச் சூடானிய மருத்துவர் 1983 முதல் சர்வதேச மருத்துவ இதழ்களில் எழுதி வந்துள்ளனர். தற்கொலைக்கும் இப்பொருள் பயன்பட்டது. மாண்டோரிற் பலர் இளம் பெண்கள். அழகுப் பொருளாக வீட்டில் எளிதிற் கிடைத்த நஞ்சும், வெளியேற வழியற்ற குடும்ப ஒடுக்குமுறையும் சேர்ந்தே அவர்களைக் கொன்றன.

'கறுப்பு மருதோன்றி' என்னும் பெயரே ஒரு முரண்பாடு என்பது மேற்கூறியவற்றால் விளங்கும். மருதோன்றி கறுப்பதில்லை. சில நிமிடங்களிற் கருமை தரும் 'மருதோன்றி' எதுவாயினும் அதில் வேறொன்று கலந்திருத்தல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் பராபினைலீன்டயமீனைக் கேசச் சாயத்தில் இரண்டு வீதத்துக்கு மேற்படாதவாறு வரையறுத்துள்ளது. தோலில் நேரே பூசுவதற்கு அதனை அனுமதிப்பதில்லை. அவ்வாறிருந்தும், பல சந்தைகளில் 'மூலிகை' என்ற சொல்லின் நிழலில் அளவு குறிப்பிடப்படாத கலவைகள் விற்பனையாகின்றன.

கலப்பற்ற இலைத்தூளுக்கும் இன்று உலகச் சந்தை உருவாகியுள்ளது. இராஜஸ்தானின் சோஜாத் மருதோன்றி வாணிகத்தின் மையமாக விளங்குகின்றது. தமிழகத்தின் திண்டிவனம் சுற்றாடலில் அவுரிச் செய்கை தொடர்கின்றது. செயற்கைச் சாயத்தால் ஒவ்வாமைக்கு ஆளானோர் இவற்றை நாடுதல் நியாயமே. ஆயினும் வண்ணப்பெட்டியின் விலையில் எவ்வளவு பங்கு இலை பறித்தவளைச் சென்றடைகின்றது என்னும் கேள்வி, நீலதர்ப்பணம் எழுதப்பட்ட காலத்திற் போலவே இன்றும் கேட்கப்படவேண்டியதாகும்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுக்கலாம். நரை உடலின் இயல்பு. அதற்கு விலையும் வெட்கமும் கற்பிப்பது சமுதாயம். வயதை அறிவின் அடையாளமாகக் கொண்டாடிய அதே மரபுகள், உழைக்கும் உடலின் வயதை விலைக்குறைவாகவே கணித்தன. இன்றும் பணிப்பெண்ணாகவோ கடைச் சிப்பந்தியாகவோ வேலை தேடும் நடுவயதுப் பெண் தலைக்குச் சாயமிடும்போது, அவளை அலங்காரப் பிரியை என்று நகைப்பது அறியாமை. வேலைகொள்வோன் விதித்த சொல்லப்படாத நிபந்தனையொன்றை அவள் நிறைவேற்றுகின்றாள். அவ்வாறே, தன் விருப்பத்தாற் சாயமிடுபவரைக் கண்டிப்பதற்கும் எமக்கு உரிமையில்லை.

தாவரச் சாய மரபைப் புராதனப் பெருமையாகப் போற்றுவதாலோ மூடநம்பிக்கையாகத் தள்ளுவதாலோ பயனொன்றும் விளையாது. அதன்கண் இரசாயனவியலால் மெய்ப்பிக்கப்படும் அறிவு உண்டு, பயனற்ற கூறுகள் உண்டு, நஞ்சும் உண்டு. இவற்றைப் பிரித்தறிதற்கு முதற்படி தொகுத்தலாகும். நாட்டார் பாடல்களையும் பழமொழிகளையும் தொகுப்பதிற் பல்கலைக்கழக மாணவர் காட்டிய ஆர்வம் கைமுறைகளைத் தொகுப்பதிலும் காட்டப்படுதல் வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்கள, மலையக வீடுகளில் எந்த இலை எப்பருவத்திற் பறிக்கப்பட்டது, எந்தப் பாத்திரத்தில் எவ்வளவு நேரம் ஊறியது, யார் அரைத்தார், யார் பூசினார், எது பற்றியது, எது பற்றாது போயிற்று என்பனவெல்லாம் கூறுவோரின் சொற்களிலேயே பதிவுசெய்யப்படுதல் தகும். தாவரவியல், இரசாயனவியல் துறையினர் அப்பதிவுகளைச் சோதித்து, கண்ட முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுவராயின், 'மூலிகை' என்று எழுதப்பட்ட பெட்டியை வாங்குவதா விடுவதா எனத் தீர்மானிக்கும் ஆற்றல் வாங்குவோர் கைக்கு வரும். இவ்வறிவை உடைய தலைமுறையினர் பலர் மறைந்துவிட்டனர். எஞ்சியிருப்போரிடம் கேட்டறியும் பணி தாமதமின்றித் தொடங்கப்படுதல் வேண்டும்.